வேட்டைக்கு ஏற்ற வில் எது?

1911-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஓரோவில் என்ற ஊர். அங்குள்ள கசாப்புக்கூடத்தின் அருகே ஒரு மனிதர் பசியால் வாடி ஒதுங்கி நின்றார்.

"யாகி" என்ற செவ்விந்தியக் கூட்டத்தின் கடைசி மனிதர் அவர். மற்றவர்கள் வெள்ளையரின் துப்பாக்கிக்கும், பசிக்கும், நோய்க்கும் பலியாகிவிட்டார்கள்.

தன் பெயரை அவர் கடைசி வரை சொல்லவே இல்லை. அது அவர்கள் வழக்கம். ஆகவே "இஷி" என்று அழைத்தார்கள். அவருடைய மொழியில் "மனிதன்" என்று பொருள். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகப் பொருட்காட்சி சாலையில் அவருக்கு இடம் கிடைத்தது.

அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் சாக்ஸ்டன் போப். அந்த டாக்டர், தன் நோயாளியிடமே வில்வித்தை படிக்கத் தொடங்கிவிட்டார்!

மூன்றரை அடி வில்

இஷியின் வில் 42 அங்குலம்தான். ஜூனிபர் மரத்தில் செய்து, முதுகுப் பக்கம் மானின் தசைநாரை ஒட்டியிருந்தார். அதை இழுக்க சுமார் 45 பவுண்டு பலம் போதும்.

அளவுகோல்? அவர் உடம்புதான். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டவேண்டும். அந்தக் கையிலிருந்து எதிர்ப்பக்கத்து இடுப்பு வரை உள்ள நீளமே வில்லின் நீளம்.

இவ்வளவு குட்டையாக ஏன்? இஷி புதருக்குள் குந்தியிருந்து அம்பு விடுவார். மிருகம் மிக அருகில் வரும்வரை காத்திருப்பார். நீண்ட வில் புதரில் மாட்டிக்கொள்ளும். சலசலப்பு கேட்டால் மான் ஓடிவிடும். அன்றையச் சாப்பாடும் அதோடு போயிற்று.

டாக்டர் போப்போ, ஆங்கிலேயரைப் போல் ஆள் உயர வில்லை விரும்பினார். அந்த வில் இஷிக்குப் பிடிக்கவில்லை. அவரவர் நிற்கும் இடத்துக்கு அவரவர் வில்!

கை நடுங்கினால்...

பலமான வில்தான் நல்ல வில் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இழுக்க முடியாத வில்லை எடுத்தால் கை நடுங்கும், குறி தப்பும். அம்பு துப்பாக்கிக் குண்டு போல் அதிர்ச்சியால் வீழ்த்துவது இல்லை. கூரிய முனை உள்ளே வெட்டி, ரத்தம் வடிந்தே மிருகம் சாகும். இடம் தவறிப் பட்டால் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, துடித்துத் துடித்துச் சாகும்.

இதற்குச் சுலபமான சோதனை உண்டு. குறியை நோக்கி நேராக நாணை இழுக்கவேண்டும். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் இழுக்க முடிகிறதா? அந்த வில் அவருக்கு ஆகாது.

இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்கரான ஆலன் ஒரு வழி கண்டார். நுனிகளில் சக்கரம் வைத்த வில்லைச் செய்து, 1969-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதில் நாணை முழுவதும் இழுத்தபின் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். நிதானமாகக் குறி பார்க்கலாம். ஆனால் கம்பி அறுந்தால் காட்டில் வைத்துச் சரிசெய்வது கஷ்டம்.

அதற்காகச் சின்ன வில் எல்லா மிருகத்துக்கும் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. தோலும் எலும்பும் தடித்த மிருகத்துக்கு கனத்த வில்தான் வேண்டும்.

இஷி 1916-ம் ஆண்டு காசநோயால் இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, டாக்டர் போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் எல்லோஸ்டோன் காட்டுக்குப் போனார்கள். அங்கே கிரிஸ்லி கரடிகளை அம்பெய்தே கொன்றார்கள். அப்போது டாக்டர் கையில் இருந்தது, இஷிக்குப் பிடிக்காத அந்த நீண்ட வில்!