தேர்வுக்கூடத்தில் கால்குலேட்டர்

கடைக்காரரின் மேசையிலும் வங்கியின் முகப்பிலும் கால்குலேட்டரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணித, அறிவியல் தாள்களை எழுதச் செல்லும் நாம் அதைத் தேர்வுக்கூடத்திற்குள் கொண்டுசெல்ல இயலாது. இயற்பியல், வேதியியல் கணக்குகளுக்கு மடக்கை அட்டவணையே நமக்குத் துணை. “உலகமே கருவி கொண்டு கணக்கிடும்போது, நமக்கு மட்டும் ஏன் இந்தத் தடை?” என்ற கேள்வி வகுப்பறையில் அடிக்கடி எழுகிறது. கருவியை அனுமதித்த நாடொன்றில் விதிகள் எவ்வாறு மாறிவந்தன என்று கண்டால், இதற்கு விடை கிடைக்கும்.

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்புவோர் எழுதும் தேர்வுகளுள் எஸ்.ஏ.டி. என்பது ஒன்று. காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் இத்தேர்வு 1926-இல் தொடங்கியது. அங்கே சென்று படிக்க விரும்பும் நம் நாட்டு மாணவ மாணவியரும் இதை எழுதுவதுண்டு. 1994-இல்தான் இதன் கணிதப் பகுதியில் கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்டது.

அனுமதி வந்ததும் விதிகளும் உடன் வந்தன. தட்டச்சுப் பொறியில் உள்ளது போன்ற எழுத்து விசைகள் கொண்ட கருவி கூடாது. வினாக்களை அதில் பதிந்து வெளியே கொண்டுபோய்விடலாம் அன்றோ? தாளில் அச்சிடும் கருவியும் கூடாது. ஒலி எழுப்பினால் அருகில் இருப்போருக்கு இடையூறு. ஆகவே அதுவும் விலக்கு. ஒருவர் கருவியை மற்றவர் வாங்கிப் பயன்படுத்தவும் கூடாது. ஏ.சி.டி. என்னும் மற்றொரு அமெரிக்கத் தேர்வு, இயற்கணிதத்தைத் தானே செய்யும் கருவிகளை விலக்கி வைக்கிறது. இருபடிக் கோவையைக் கொடுத்த உடனே காரணிப்படுத்தித் தந்துவிடும் கருவி கையில் இருந்தால், தேர்வு எழுதுவது மாணவியா, கருவியா?

2016-இல் எஸ்.ஏ.டி. புதியதொரு வழியை மேற்கொண்டது. கணிதத்தை இரண்டாகப் பிரித்து, 20 வினாக்களைக் கருவியின்றி 25 நிமிடங்களிலும், 38 வினாக்களைக் கருவியுடன் 55 நிமிடங்களிலும் செய்யச் சொன்னது. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. தேர்விலும் கணிதத்தில் ஒரு தாள் கருவியின்றியும் இரண்டு தாள்கள் கருவியுடனும் எழுதப்படுகின்றன.

பின்னர் எஸ்.ஏ.டி. தேர்வு கணினிக்கு மாறியது. வெளிநாடுகளில் 2023-இலும் அமெரிக்காவில் 2024-இலும் இம்மாற்றம் வந்தது. இப்போது கணிதப் பகுதி முழுவதிலும் கால்குலேட்டர் உண்டு. டெஸ்மாஸ் என்னும் வரைபடக் கால்குலேட்டர் திரையிலேயே எல்லாருக்கும் கிடைக்கிறது. வரைபடம் வரையும் கைக்கருவியின் விலை ஏறத்தாழ நூறு டாலர். அதை வாங்க வசதியுள்ள வீட்டுப் பெண்ணும் வசதியற்ற வீட்டுப் பெண்ணும் ஒரே கூடத்தில் அமர்ந்து எழுதும்போது, திரையில் வரும் பொதுக்கருவி அந்த ஏற்றத்தாழ்வைப் பெரிதும் குறைக்கிறது.

ஆகவே, இவ்விதிகளுக்கெல்லாம் அடியில் இரண்டு கேள்விகளே உள்ளன. இத்தேர்வு எதை அளக்க விரும்புகிறது? எழுதுவோர் அனைவருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கிறதா? கையால் கணக்கிடும் திறனை அளப்பதானால் கருவி கூடாது. கருவியைக் கொண்டு சிந்திக்கும் திறனை அளப்பதானால் அது வேண்டும். அப்படி வேண்டுமென்றால், அது எல்லாருக்கும் கிட்ட வேண்டும். நம் கணித, அறிவியல் தேர்வுகளில் யாரிடமும் கருவி இல்லை. எளிய விலையில் கிடைக்கும் அட்டவணையே எல்லாரிடமும் இருக்கிறது. அதுவும் ஒருவகைச் சமநிலையே.

கருவி இருந்தால் எல்லாம் எளிது என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2 + 3 × 4 என்பதைக் கடையில் உள்ள சாதாரணக் கால்குலேட்டரில் வரிசையாக அழுத்தினால் 20 என்று வரலாம். சரியான விடை 14. சைன் 30 பாகையின் மதிப்பு 0.5. கருவி ரேடியன் முறையில் இருந்துவிட்டால் −0.988 என்று காட்டும். 19.8 × 5.1 என்பதில் முதற்புள்ளியை விட்டுவிட்டால் 1009.8 என்று விடை வரும். 20 × 5 = 100 என்று மனத்தில் மதிப்பிட்டவள் உடனே பிழையைக் கண்டுகொள்வாள்; மதிப்பிடாதவள் அதையே விடைத்தாளில் எழுதி வைப்பாள்.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 5. அவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன? கருவியைத் தேடுபவள் முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முயன்று, தசமங்களில் சிக்குவாள். சிந்திப்பவளோ 5-இன் வர்க்கமாகிய 25-இலிருந்து, அவ்விரண்டின் பெருக்கற்பலனாகிய 1-இன் இருமடங்கைக் கழித்து, 23 என்று ஒரே வரியில் முடிப்பாள்.

எனவே, கருவியின்றி எழுதும் நாம் குறைந்தவர்கள் அல்லர். நாளை கல்லூரியிலோ வெளிநாட்டிலோ கருவியுடன் எழுத நேரும்போது, மூன்று பழக்கங்கள் நம்மோடு வரட்டும்: முதலில் விடையை மதிப்பிடுதல், அடைப்புக்குறிகளைச் சரியாக இடுதல், கருவி எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்தல். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் இன்றே பயிற்சியால் பெருக்குவோம். கருவி நம் கைக்கு வரும் நாளில் அது நம் அறிவுக்குப் பணியாளாக இருக்கட்டும்.