தாடை மேடு கரைந்தவர்களுக்குப் பல் கட்டுதல்

பல் போனால் சொல் போகும் என்பது நம் முதுமொழி. பல்லோடு, அதனைத் தாங்கிய எலும்பும் கரைந்து போகிறது என்பதை நம்மிற் பலர் அறியோம். புல்லின் வேர் உள்ளவரை வரப்பு நிற்கிறது. வேர் அற்றால் மழையில் கரைகிறது. தாடையின் எலும்பு மேடும் அத்தகையதே. பல் பிடுங்கிய 12 மாதங்களுக்குள் அவ்விடத்து மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதி குறையக்கூடும். அக்குறைவில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. மாடு முட்டியோ, வண்டியிலிருந்து விழுந்தோ எலும்பும் உடைந்தவர்களுக்குப் பள்ளம் இன்னும் ஆழமாயிருக்கும்.

இப்பள்ளங்களை 1983-ஆம் ஆண்டில் சைபர்ட் என்னும் பல் மருத்துவர் மூவகையாகப் பிரித்தார்: அகலம் குறைந்தது, உயரம் குறைந்தது, இரண்டுமே குறைந்தது. பள்ளத்தை நிரப்பாமல் பல்லை மட்டும் கட்டினால் அது நீண்டு தோன்றும். அடியில் உணவு தங்கும். பேச்சில் காற்றுக் கசியும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட்டு. ஈற்றின் நிறமுடைய அக்ரிலிக் தகடு பள்ளத்தை நிரப்பி, உதட்டையும் தாங்கும்; செலவும் குறைவு. இரண்டாவது, இருபுறப் பற்களுக்கும் உறையிட்டு, உலோகக் கம்பியால் இணைத்து, அதன்மேல் தகட்டுடன் கூடிய பற்களை மாட்டுவது. இதனைக் கழற்றித் துலக்கலாம். மூன்றாவது, எலும்புத் துகள் வைத்து மேட்டை வளர்த்து, டைட்டானியம் திருகு பதித்துப் பல் கட்டுவது. இதற்குப் பல மாதங்களும் மிகுந்த செலவும் ஆகும். புகையிலைப் பழக்கமும் அடங்காத நீரிழிவும் இதனைக் கெடுக்கக்கூடும்.

சந்தையிலும் சாலையோரத்திலும் பல் கட்டுவோரிடம் எச்சரிக்கை தேவை. அவர்கள் பக்கத்துப் பற்களோடு அக்ரிலிக்கைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுகின்றனர். அதன் அடியில் உணவு அழுகிச் சீழ் பிடிக்கிறது. நல்ல பற்களும் ஆட்டங் காண்கின்றன. மேடு மேலும் கரைகிறது. மலிவென்று எண்ணியது இருந்த பற்களுக்கும் கேடாய் முடிகிறது.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் மூன்று செய்திகளை எடுத்துரைக்க வேண்டுகிறோம். பல்லைக் காப்பாற்ற இயலுமா என்று முதலில் கேட்க வேண்டும். பிடுங்கியே ஆகவேண்டுமெனில், மேட்டைக் காக்கும் வழியையும் மாற்றுப் பல்லையும் அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். பல் செட்டு அணிந்தோர் இரவில் அதனைக் கழற்றிக் கழுவி நீரில் இட்டு வைக்க வேண்டும். பல் மருத்துவப் பிரிவுள்ள அரசு மருத்துவமனையையோ, அரசு பல் மருத்துவக் கல்லூரியையோ நாடலாம். பள்ளம் விழுந்துவிட்டதே என்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை. காலந் தாழ்த்தாமை ஒன்றே வேண்டுவது.