பிள்ளையின் கையால் ஓர் அழைப்பிதழ்



ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து, தென்காசித் தெருக்களில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், நம் பகுதி வீடுகளில் விருந்தினர் வருகையும் தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து சாச்சா குடும்பத்தார், மதுரையிலிருந்து மாமி மக்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் வாப்பா என்று வீடு நிறைந்திருக்கும் அந்த நாட்களிலேயே பிள்ளைகளின் சிறு விசேஷங்களையும் வைத்துக்கொள்வது பலருக்கு வசதியாக இருக்கிறது. ஒரு வீட்டில் மகனுக்கு ஆறு வயது நிறைகிறது. அடுத்த வீட்டில் மகள் குர்ஆன் ஷரீபை ஓதி முடித்திருக்கிறாள். இன்னொரு வீட்டில் சின்னவன் சென்ற ரமலானில் தன் முதல் நோன்பை நோற்றிருக்கிறான்.

பிறந்தநாள் கொண்டாட்டம் மார்க்கத்தில் இல்லாதது என்று ஆலிம்கள் பலர் கூறுவதை ஏற்று, அந்நாளைச் சாதாரண நாளாகவே கழிக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அந்த விவாதத்திற்குள் இக்கட்டுரை புகவில்லை. எந்த மகிழ்ச்சியாயினும் சரி, நாலு பிள்ளைகளை வீட்டிற்கு அழைப்பது என்று முடிவாகிவிட்டால் அந்த அழைப்பு எவ்வாறு அமையலாம் என்பதே இங்கு நம் பேச்சு.

செலவு தொடங்கும் இடம்

விசேஷச் செலவு பிரியாணிச் சட்டியில் தொடங்குவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது அழைப்பிதழில் தொடங்கிவிடுகிறது. 1920களில் தீப்பெட்டித் தொழில் கண்ட சிவகாசி, பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் தேவையிலிருந்து வளர்ந்து, இன்று நாடெங்கும் நாட்காட்டியும் அழைப்பிதழும் அனுப்பும் அச்சு நகரமாகிவிட்டது. அங்கிருந்து வரும் வழவழப்பான மாதிரி அட்டைகளை அச்சகத்தில் புரட்டிப் பார்த்தால் ஆசை பிறக்கத்தான் செய்யும். ஆனால் பத்து அட்டை அடித்தாலும் நூறு அட்டை அடித்தாலும் வடிவமைப்புக்கும் இயந்திரத்தில் ஏற்றுவதற்கும் ஆகும் வேலை ஒன்றே. எனவே குறைவாக அடித்தால் கட்டுபடியாகாது என்பார்கள். நாமும் நூறு அடித்துவிடுகிறோம். நூறு அட்டை கையில் வந்தபின் நூறு பேரைத் தேடுகிறோம். நூறு பேர் என்றான பின் திண்ணை போதாது. பந்தல் வேண்டும், நாற்காலி வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் மகிழ்ச்சிக்காகத் தொடங்கிய காரியத்தில், அந்தப் பிள்ளைக்கு முகம் தெரியாத எண்பது பெரியவர்கள் உண்டு எழுந்து போகிறார்கள்.

வீட்டில் செய்யும் அழைப்பிதழுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிள்ளையின் கை எத்தனை அட்டை செய்யுமோ, அத்தனை பேர்தாம் விருந்தினர்! பதினைந்தாவது அட்டையில் கை வலித்து எழுந்து ஓடிவிட்டால், பதினைந்தோடு பட்டியல் முடிந்தது. இதைவிட நேர்மையான வரவுசெலவுத் திட்டம் வேறில்லை. ஐம்பது ரூபாய் என்று ஓர் எல்லையை நீங்களே வகுத்துக்கொண்டு, வீட்டில் இருப்பதைத் திரட்டிய பிறகு கடைக்குப் புறப்படுங்கள்.

குற்றாலம் தரும் கருப்பொருள்கள்

நகரத்துக் கடைகளில் பொம்மைப் படக் கதாபாத்திரங்களை அச்சிட்ட அட்டைகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைய விரும்பாத வீடுகளில் அவை எடுபடுவதில்லை. ஆனால் தென்காசியிலிருந்து ஐந்தே கிலோமீட்டரில் குற்றாலம் இருக்கிறது. அருவியும் பழமும் மலைரயிலும் இருக்கும்போது நமக்குக் கருப்பொருள் பஞ்சம் ஏது?

எல்லாவற்றிலும் எளியதும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்ததும் மங்குஸ்தான் அட்டைதான். சாரல் காலத்தில் குற்றாலக் கடைகளில் ரம்புத்தானோடு குவிந்திருக்கும் அந்தக் கருஞ்சிவப்புப் பழத்தைத் திருப்பிப் பாருங்கள். காம்புக்கு எதிர்ப்புறம், அடியில், சிறு பூவைப் போல் தடித்த இதழ்கள் தெரியும். அவற்றை எண்ணிக்கொண்டு பழத்தை உடையுங்கள். இதழ் ஐந்தானால் உள்ளே சுளை ஐந்து, ஆறானால் ஆறு. பூவின் சூலகத்தில் எத்தனை அறைகளோ அத்தனை சூல்முடிப் பிரிவுகள். அவையே பழத்தின் அடியில் காய்ந்து பூப்போல் தங்கிவிடுகின்றன. இந்த இரகசியத்தை அறிந்த பிள்ளை, கடைக்காரரையே பந்தயத்திற்கு அழைக்கும்.

இதையே அழைப்பிதழாக்குங்கள். கருஞ்சிவப்புச் சார்ட் அட்டை ஒன்று, வெள்ளைச் சார்ட் அட்டை ஒன்று வாங்கினால் போதும். ஏறத்தாழ 56க்கு 71 செ.மீ. அளவுள்ள ஓர் அட்டையில், 12 செ.மீ. விட்டமுள்ள வட்டங்கள் வரிசைக்கு நான்காக ஐந்து வரிசை, ஆக இருபது கிடைக்கும். வட்டம் போடக் கவராயம் தேடி அலைய வேண்டாம். அந்த அளவில் ஒரு சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக் கோடிழுத்தால் ஆயிற்று. சிவப்பு வட்டம் பழத்தோல். வெள்ளை வட்டம் உள்ளிருக்கும் சுளைகள். இரண்டையும் அடுக்கி, ஓரத்தில் ஊசியால் ஒரு துளையிட்டு நூல் கோத்து முடிந்துவிட்டால் மூடி போலத் திறக்கும். மேலே பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை இதழ் கொண்ட சிறு பூவை ஒட்டுங்கள். உள்ளே அத்தனை சுளை வரைந்து, ஒவ்வொரு சுளையிலும் ஒவ்வொரு செய்தியை எழுதச் சொல்லுங்கள்: யார் அழைக்கிறார், எதற்காக, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, என்ன விளையாட்டு. நான்கு வயது முதல் எட்டு வயது வரை மங்குஸ்தான் நமக்கு ஒத்துழைக்கும். அதற்கு மேல் சுளைக்கு எங்கே போவது?

ஒன்பது, பத்து வயதானவர்களுக்கு ரயில் சீட்டு இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் செல்லும் பாதையில் 1904ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010இல் மூடப்பட்ட அந்தப் பகுதி 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. குகைகளையும், பதின்மூன்று கண் பாலத்தையும் சன்னல் வழியே பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை. முன்பு ரயில் நிலையங்களில் கொடுத்தார்களே, தடித்த சின்ன அட்டைச் சீட்டு, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் தாமஸ் எட்மன்சன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொண்டுவந்த முறை அது. அதன் அளவு ஏறத்தாழ 57க்கு 30 மி.மீ. சாதாரண ஏ4 அளவுத் தடித்த தாள் ஒன்றில் முப்பது சீட்டுகள் எளிதாக வெட்டலாம்.

"புறப்படும் இடம்: உங்கள் வீடு. சேரும் இடம்: எங்கள் வீடு" என்று முன்புறம் எழுதட்டும். நாளும் நேரமும் அடுத்த வரியில். பின்புறத்தில் "திரும்பும் பயணம்: மாலை 6 மணி" என்று தவறாமல் இருக்க வேண்டும், பிள்ளையை அழைத்துப் போக எப்போது வருவது என்று உம்மாமார்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சீட்டுக்குச் சீட்டு எண் கொடுத்துவிட்டால் அதுவே குலுக்கல் விளையாட்டுக்கும் ஆயிற்று. வாசலில் அண்ணன் ஒருவன் பரிசோதகராக நின்று துளையிடும் கருவியால் சீட்டில் துளை போட்டு உள்ளே விடட்டும். அந்த ஒரு துளைக்காகவே பிள்ளைகள் சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள்.

அருவி அட்டைக்கு இரண்டே பொருள்கள். வெள்ளை மெழுகு வண்ணக்குச்சி ஒன்று; துணிக்குப் போடும் சொட்டு நீலம் சிறிது. வெள்ளைத் தடித்தாளில் வெள்ளைக் குச்சியாலேயே மேலிருந்து கீழாக அழுத்திக் கோடுகள் இழுக்க வேண்டும். அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீரில் கரைத்த நீலத்தைப் பஞ்சால் தொட்டுத் தாள் முழுதும் தடவினால், மெழுகு பட்ட இடம் நீரை ஏற்காது. நீல மலையின் நடுவே வெள்ளை அருவி விழும். ஐந்து பிரிவாகக் கோடிழுத்தால் ஐந்தருவி. மேசைமேல் பழைய செய்தித்தாள் விரிக்க மறந்துவிடாதீர்கள். சொட்டு நீலம் பட்ட பாவாடையைப் பின்னர் யாரும் வெளுக்க முடியாது.

குர்ஆன் ஓதி முடித்த மகளின் அழைப்பிதழுக்குப் பழமும் ரயிலும் பொருந்தா. ஒரே அளவுள்ள இரண்டு சதுரத் தாள்களை, ஒன்றைச் சற்றே திருப்பி மற்றதன்மேல் ஒட்டினால் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதிகளில் ஹிஸ்பின் கால்பகுதி தொடங்கும் இடத்தைக் காட்டும் அடையாளம் இதே வடிவம்தான். அந்தப் பிரதியில் ஓதிய பிள்ளைகள் பார்த்தவுடன் அறிந்துகொள்வார்கள். ஆயத்துகளை அட்டையில் எழுதுவது பற்றி மட்டும் யோசியுங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் அழைப்பிதழ்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம்; ஆகவே வேண்டாம் என்று பெரியவர்கள் தடுப்பதில் நியாயம் இருக்கிறது.

எழுத வேண்டிய ஒரு வரி

அழகெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அழைப்பிதழ் போய்ச் சேர்ந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சிந்தித்திருக்கிறீர்களா? உங்கள் மகனின் பக்கத்து இருக்கைத் தோழன் துள்ளிக்கொண்டு அட்டையை நீட்டுகிறான். அவனுடைய உம்மா அதைப் பார்க்கிறார். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று கணக்குப் போடுகிறார். மாதக் கடைசி. அன்று மாலை அந்தப் பிள்ளைக்கு "உடம்பு சரியில்லை." விசேஷ வீட்டில் அவன் வராததை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. உங்கள் மகன் மட்டும் இரண்டு தடவை வாசலைப் பார்த்துவிட்டு வருவான். வசதியற்றோரை விட்டுவிட்டு வசதியுள்ளோரை மட்டும் அழைக்கும் விருந்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறோம். அழைத்தும் வர இயலாதபடி செய்துவிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆகையால் எந்த வடிவில் செய்தாலும், "அன்பளிப்பு வேண்டாம், நீ வந்தால் போதும்" என்ற வரியைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுத வையுங்கள். அச்சில் இருந்தால் அது வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுவார்கள். கோணல் மாணலான எழுத்தில் இருந்தால் நம்புவார்கள். அதையும் மீறி யாரேனும் பொட்டலம் கொண்டுவந்தால், நன்றி சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். எல்லார் முன்னிலையிலும் பிரித்துக் காட்டிப் பெயர் சொல்லும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்து விடைகொடுத்து அனுப்பலாம்.

கைப்பேசியில் ஒரு படம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காசே செலவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான்; வெளியூர் உறவினருக்கும், இம்முறை விடுப்புக் கிடைக்காத வாப்பாவுக்கும் பிள்ளை செய்த அட்டையைப் படம் பிடித்து அனுப்புங்கள். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைக்குத் தன் பெயர் எழுதிய அட்டை தன் கைக்கு வருவது வேறு. வகுப்பறையில் வைத்துக் கொடுக்க வேண்டாம். அழைக்கப்படாத பிள்ளையும் அங்கேதான் அமர்ந்திருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வீடு சென்று, ஸலாம் சொல்லி, வலக்கையால் நீட்டி, வாயாலும் அழைத்து வரட்டும்.

நேரத்தை "அஸருக்குப் பின், மஃரிபுக்குள்" என்று வகுத்தால் தேநீரும் சுண்டலும் வட்டலப்பமுமே விருந்தாகிவிடும். இடத்தை வீடு என்றே எழுதுங்கள். அருவிக்கரையில் கூடலாம் என்று சில குடும்பங்கள் எண்ணுவதுண்டு. நீர்வரத்து மிகுந்தால் குளிக்கத் தடை வந்துவிடும் என்பது ஒன்று. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் எதிர்பாராமல் பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கலாகாது. பிறர் பிள்ளைகள் பதினைந்து பேரை நம் பொறுப்பில் அங்கே அழைத்துப் போவது தகாது.

செய்யும்போது சாரலையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனா எழுத்து ஒரு தூறலில் கரைந்து வழிந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவும் மெழுகு வண்ணமும் நிற்கும். ஈரக் காற்றில் ஒட்டிய அட்டைகள் வளையும் என்பதால், ஒட்டியதும் செய்தித்தாளுக்கிடையே அடுக்கி, மேலே கனமான அகராதியோ அம்மிக்குழவியோ வைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள். பசைக்கு இரண்டு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும் வரை அடுப்பில் கிளறினால் போதும். பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். சாரல் நாட்களில் மைதா பசை மறுநாள் காலைக்குள் புளித்துவிடும்.