நான்கு இன்ஜின் மோகம்

சென்ற வாரம் கான்கார்டைப் பார்த்தோம். அதே கதையின் இன்னொரு கிளைதான் போயிங் 747. 1960-களில் போயிங்காரர்களே, பயணிகள் சீக்கிரம் ஒலியை மிஞ்சும் விமானங்களுக்கு மாறிவிடுவார்கள், தங்கள் பெரிய விமானம் கடைசியில் சரக்கு ஏற்றத்தான் போகிறது என்று நம்பினார்கள். அதனால், மூக்கைத் திறந்து நேராகச் சரக்கை உள்ளே தள்ள வசதியாக, விமானி அறையை மேலே தூக்கி வைத்தது ஜோ சட்டர் தலைமையிலான பொறியாளர் குழு. அந்த அறைக்குப் பின்னால் காற்று வழுக்கிச் செல்ல உடலைச் சரிவாக இழுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த இடம்தான் மாடியானது. காளையின் திமிலைப் போன்ற அந்த மேடு தப்பிப்போன ஓர் ஆரூடத்தின் மிச்சம். ஆனாலும், பெரிய விமானங்களில் பிடித்தது எது என்று ஆர்வலர்களைக் கேட்டால், திமிலுக்காகவே 747-ஐச் சொல்பவர்கள் ஏராளம். அடுத்து வரும் பெயர், முழு நீளத்துக்கும் இரண்டு தளம் கொண்ட ஏர்பஸ் ஏ380. மூன்றாவதாகவாவது போயிங் 777 வருமா என்றால், பெரும்பாலும் வராது. “இரண்டு இன்ஜின் மாட்டிய குழாய்” என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குழாய்க்காகத்தான் இந்த வாரம் வாதாடப் போகிறேன்.

நான்கு இன்ஜின் என்பது கம்பீரத்துக்காக வந்ததில்லை. பிஸ்டன் இன்ஜின்கள் நடுவானில் நின்றுபோவது சகஜமாக இருந்த காலத்தில், 1953-இல், அமெரிக்கா ஒரு விதி போட்டது: இரண்டு இன்ஜின் விமானம் எந்த இடத்தில் பறந்தாலும், ஒற்றை இன்ஜினில் 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடியவேண்டும். ஜெட் இன்ஜின்கள் வந்து நம்பகம் பல மடங்கு கூடிய பிறகும் விதி தளரவில்லை. பெருங்கடலை நேராகக் கடக்க வேண்டுமென்றால் மூன்றோ நான்கோ இன்ஜின் கட்டாயம். அதோடு, 747-க்குத் தேவையான உந்துவிசையை இரண்டே இன்ஜினில் தர அன்று யாராலும் முடியாது. 1970-இல் அதில் இருந்த ஒவ்வோர் இன்ஜினும் தந்தது சுமார் 43,500 பவுண்டு. விதி 1985-இல் 120 நிமிடமாகவும் 1988-இல் 180 நிமிடமாகவும் தளர்ந்தது. 777 சேவைக்கு வந்த 1995-இலேயே அதற்கு 180 நிமிட அனுமதி கிடைத்துவிட்டது. பிறகு 2004-இல் வந்த 777-300ஈஆர் ரகத்தின் ஓர் இன்ஜின் தரும் உந்துவிசை 1,15,000 பவுண்டு. அதாவது முதல் 747-இன் நான்கும் சேர்ந்து தந்ததைவிட இதன் இரண்டும் அதிகம் தருகின்றன. இந்த ‘குழாய்’ புறப்படும் எடையில் முதல் 747-ஐ மிஞ்சுகிறது. நீளத்தில் 747-400-ஐவிட மூன்று மீட்டர் கூடுதல். இரண்டு இன்ஜின் என்றாலே சின்ன விமானம் என்ற எண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது ஆச்சரியம்தான்.

ஏ380-இன் தோல்வியை அதன் பருமனோடு முடிச்சுப் போடுவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அதன் இறக்கை, பின்னால் வரவிருந்த இன்னும் பெரிய ரகத்தையும் மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டது. அந்த ரகம் வரவேயில்லை. கூடுதல் எடையை மட்டும் இருக்கிற விமானம் சுமந்தது. 2007-இல் அது சேவைக்கு வந்த நான்கே ஆண்டில், எரிபொருளை மிச்சம் பிடிக்கும் புதுத் தலைமுறை இன்ஜின்களோடு 787 வந்துவிட்டது. விற்ற 251-இல் 123 எமிரேட்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குப் போனவை. உலகையே துபாயில் இறக்கி ஏற்றும் அந்த நிறுவனத்தின் கணக்கு மற்றவர்களுக்குப் பொருந்தவில்லை. சரக்கு ரகமும் கிடையாது என்பதால் முதுமையில் ஒதுங்க இடமில்லை. குத்தகை முடிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடமிருந்து திரும்பிய முதல் ஏ380-களில் இரண்டு, ஏறத்தாழ பத்து வயதிலேயே பிரான்சின் டார்ப் நகரில் பிரித்துப் போடப்பட்டன. 747-க்கோ சட்டரின் மூக்கு கடைசிவரை சோறு போட்டது. 2023 ஜனவரியில் கைமாறிய கடைசி 747, அட்லஸ் ஏர் வாங்கிய சரக்கு விமானம்.

பயணியின் சுகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று ஆர்வலர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏ380-இன் உட்புறம் அமைதியானது. கீழ்த்தளத்தின் அகலம் சுமார் 6.5 மீட்டர், 777-இல் 5.9-க்கும் குறைவு. இரண்டிலும் வரிசைக்குப் பத்து இருக்கைகள் என்றால் தோள் எங்கே இடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 777 பிறந்தபோது பல நிறுவனங்கள் அதில் வரிசைக்கு ஒன்பதுதான் போட்டன. பத்தாவதைச் சொருகியது விமானத்தை வரைந்தவரா, டிக்கெட் விற்றவரா? பெருந்தொற்றுக்குப் பின் லுஃப்தான்சா போன்றவை ஏ380-களைத் திரும்பப் பறக்கவிட்டதைச் சிலர் வெற்றியாகக் காட்டுகிறார்கள். கூட்டம் திரும்பியபோது வாங்கப் புது விமானம் இல்லை. 2020-இல் வரவேண்டிய 777எக்ஸ் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. வேறு வழியில்லாமல் எழுப்பியதை மறுபிறப்பு என்பது அதிகப்படி.

747 கடல் கடந்த பயணத்தைச் சாமானியருக்கு எட்டவைத்ததை நான் மறுக்கவில்லை. அந்த இடம் அதற்கு என்றும் உண்டு. ஆனால் பிடித்த விமானம் என்ற பட்டியலில் வடிவத்துக்கு மட்டுமே மதிப்பெண் போடுவது எப்படிச் சரி? 747 மொத்தம் 1,574 செய்ய அரை நூற்றாண்டு பிடித்தது. 777 முப்பது ஆண்டுகளில் 1,700-ஐத் தாண்டிவிட்டது. சேவைக்கு வந்த முதல் 18 ஆண்டுகளில் 777 விபத்தில் ஒரு பயணிகூட இறக்கவில்லை. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில்தான் அந்தக் கணக்கு முறிந்தது. பெரிய ஜெட்களில் என் ஓட்டு 777-300ஈஆருக்கே. இரண்டாவது இடம் 747-க்கு, திமிலுக்காகவும் சேர்த்துத்தான்.

(தொடரும்)