எறும்பும் மழையும்

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். வானம் இன்னும் இருளவில்லை. ஆயினும் திருப்பதியில் ஒரு வீட்டுச் சுவரின் அடியிலிருந்து எறும்புகள் வரிசையாக மேலேறுகின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் அரிசிக் குருணை போன்ற வெண்மணி ஒன்று இருக்கிறது. இதைக் கண்டால், "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும்" என்பார் பாட்டி. திட்டை என்பது மேடான இடம்.

இது மிகப் பழைய செய்தி. புறநானூற்றின் 173-ஆம் பாடலில், கிள்ளிவளவன் என்னும் சோழ மன்னன் சிறுகுடியில் வாழ்ந்த பண்ணன் என்னும் வள்ளலைப் புகழ்கிறான். பண்ணனிடம் பெற்ற சோற்றைக் கையில் ஏந்திச் சிறுவர்கள் வரிசையாகச் செல்கின்றனர். அவர்களைக் கண்டதும், மழைக்காலத்தில் முட்டையுடன் மேட்டுநிலம் சேரும் எறும்புகள் அவன் நினைவுக்கு வருகின்றன. அரசனாயினும் எறும்பை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறான்!

ஆனால், மாணவர்களே, இங்கே ஒரு சிறு திருத்தம் உண்டு. எறும்பின் முட்டை மிக நுண்ணியது. கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நாம் காணும் வெண்மணிகளுள் பெரும்பாலானவை, முட்டையிலிருந்து வெளிவந்த புழுக்களும் அடுத்த பருவமாகிய கூட்டுப்புழுக்களுமே. அவற்றால் நடக்க இயலாது. ஈரம் மிகுந்தால் அவற்றின்மேல் பூஞ்சை படரும். புற்றுக்குள் நீர் புகுந்தால் அவை மாண்டுபோகும். ஆகவே வேலைக்கார எறும்புகள் அவற்றைச் சுமந்துகொண்டு உலர்ந்த இடம் தேடுகின்றன.

உங்கள் தெலுங்குத் தோழர்கள் 'சீம' என்று அழைக்கும் இச்சிற்றுயிர் ஈரத்தை எவ்வாறு அறிகிறது? அதன் தலையிலுள்ள உணர்கொம்புகளில் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அவை காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் உணர்கின்றன. தன் வாசலை எட்டிய ஈரத்தையே எறும்பு அறியும். தொலைவில் உள்ள புயலை அறியாது. 2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்து, சுவர்ணமுகி ஆற்றில் வெள்ளம் பெருகியது அல்லவா? அத்தகைய மழைக்குக் காரணமான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வங்கக்கடலில் உருவாகும்போதே வானிலை ஆய்வு மையம் கண்டறிந்துவிடும். எறும்புக்கு அவ்வசதி இல்லை. மேலும், பகை எறும்புகள் தாக்கினாலும், புற்றை எவரேனும் கிளறினாலும்கூட எறும்புகள் இவ்வாறே இடம் பெயரும். அப்போது பாட்டியின் கணிப்பு பொய்க்கும்!

கோடையில் நிலைமை வேறு. எறும்பின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தே அமைகிறது. எனவே சித்தூரின் சித்திரை வெயிலில், நண்பகலில் அவை தரையில் மிகுதியாக நடமாடுவதில்லை. காலையிலும் மாலையிலும் இரை தேடுகின்றன. புழுக்களைக் குளிர்ந்த ஆழமான அறைகளுக்குக் கொண்டுசெல்கின்றன.

புல்விதைகளைச் சேமிக்கும் எறும்புகளுக்கு மற்றொரு கவலையும் உண்டு. விதை நனைந்தால் முளைத்துவிடும் அல்லவா? மழை நின்று வெயில் அடித்ததும், அவை நனைந்த விதைகளை வெளியே கொண்டுவந்து காயவைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சைக்ஸ் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி புனேயில் இதனைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். நம் வீடுகளில் நெல்லை உலர்த்துவது போலவே, வாசலைச் சுற்றிலும் விதைகளைப் பரப்பி, காய்ந்தபின் மீண்டும் உள்ளே எடுத்துச் செல்கின்றன.