கூகுள் கண்ணில் படாத கடையா? அட, இதெல்லாம் தெரியுமா?

‘தமிழ்’ என்று நீங்கள் அடித்ததை ‘ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி’ என்று கூகுள் படிக்கும்! தெரியுமா? பாமினி எழுத்துருவில் அடித்தால் அதுதான் கதி! திரையில் தெரிவது அழகான தமிழ். உள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள்! டிடிபி சென்டரில் நோட்டீசுக்கு அடித்த மேட்டரை அப்படியே வெப்சைட்டில் ஏற்றிவிட்டால் முடிந்தது. ‘நைனார்பாளையம் மக்காச்சோளம்’ என்று தமிழில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்? இத்தனைக்கும் கூகுளுக்குப் புரியும் யூனிகோட் முறையில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது!

சரி, உங்கள் ஊர்ப் பெயரை எப்படி எழுதுகிறீர்கள்? நைனார்பாளையமா, நயினார்பாளையமா? ஆங்கிலத்தில் சேர்த்து எழுதுவீர்களா, பிரித்தா? வாடிக்கையாளர் எப்படித் தேடுவார் என்று யாருக்குத் தெரியும்! அதனால் பக்கத்தில் எல்லா வடிவமும் இருக்கட்டும். மாவட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நைனார்பாளையம் இருக்கும் கள்ளக்குறிச்சி, தனி மாவட்டமானது 2019-ல்! முகவரியில் இன்னும் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றே இருக்கிறதா? உடனே மாற்றுங்கள்!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமா? டொரண்டோவில் இருக்கும் தமிழர் ஒருவர் பூஜை அறைக்குப் பிள்ளையார் சிலை தேடுகிறார் என்று வையுங்கள். சிற்பியின் வெப்சைட்டில் நாற்பது போட்டோ இருக்கிறது. எழுத்து ஒரு வரிகூட இல்லை! என்ன ஆகும்? அது என்ன படம் என்று புரிந்துகொள்ள கூகுள் பெரிதும் நம்புவது, படத்தைச் சுற்றி இருக்கும் எழுத்தையும் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்ற சின்னக் குறிப்பையும்தான்! ‘கள்ளக்குறிச்சி மரச்சிற்பம், இரண்டடிப் பிள்ளையார்’ என்று எழுத எத்தனை நிமிடம் ஆகும்? விலைப் பட்டியலையும் முகவரியையும் போஸ்டர் மாதிரி ஒரே படமாகப் போடுகிறவர்களுக்கும் இதே சங்கடம்தான்.

கூகுளின் தேடல் அட்டவணை எவ்வளவு பெரியது தெரியுமா? 10 கோடி ஜிகாபைட்டுக்கும் மேல்! பக்கங்கள்? பல ஆயிரம் கோடி! முதல் பக்கத்தில் நிற்க இடமோ ஏறக்குறைய பத்துப் பேருக்கு!

அந்தப் பத்துக்குள் நுழையக் குறுக்கு வழி உண்டா? பெரிய பெரிய கம்பெனிகளே முயன்று பார்த்தன! 2006-ல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் வெப்சைட், கூகுளுக்கு ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறு பக்கத்தையும் காட்டியது. கூகுள் அந்த வெப்சைட்டையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது! 2011-ல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி மாட்டியது. ரேங்க்கை ஏற்றுவதற்காகச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அந்தக் கடைக்கு லிங்க் வந்துகொண்டிருந்தது! சேலை விற்கும் கடைக்கு டிராக்டர் பக்கத்திலிருந்து லிங்க் வந்தால் சந்தேகம் வராதா? நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்த, முன்வரிசையில் இருந்த கடை மளமளவென்று பின்னால் போனது! அதனால் ‘முதல் இடம் கியாரண்டி, மாதம் இவ்வளவு கொடுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் கட் செய்துவிடுவேன். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்வது கூகுளேதான்!

பக்கத்துக்குள் ‘மெட்டா கீவேர்ட்’ என்று நூறு சொல்லைத் திணிக்கிறார்களே, அதை ரேங்க்குக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் அறிவித்தது 2009-ல்! இன்னும் அதற்குக் காசு வாங்குகிறவர்கள் இருந்தால்? அடடா!

கூகுளையே கேள்வி கேட்ட சென்னைக் கம்பெனி எது தெரியுமா? மேட்ரிமோனி டாட் காம்! முருகவேல் ஜானகிராமன் 1997-ல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் தொடங்கினார். அதில் கூட்டம் அலைமோதியது எங்கே? வரன் தேடும் பகுதியில்! அதுவே தனித் தொழிலாக வளர்ந்தது. தேடல் முடிவுகளில் கூகுள் பாரபட்சம் காட்டுகிறது என்று 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது அந்தக் கம்பெனி. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு! கூகுளுக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 135.86 கோடி ரூபாய்! கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. தேடல் பக்கத்தில் ஓரிடம் என்பது இத்தனை கோடி பெறுமான சண்டை, பார்த்தீர்களா!

போனில் பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது? மூன்று நொடியைத் தாண்டினால் 53 சதவீத வருகைகள் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன என்று கூகுளே 2016-ல் சொன்னது! மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும்போது, முகப்பில் பெரிய வீடியோ எதற்கு?

வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸில் ஒரே ஒரு டிக் இருக்கிறது தெரியுமா? வெப்சைட் தயாராகும்வரை தேடுபொறிகள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் டிக்! வேலை முடிந்ததும் எடுக்க மறந்தால்? மொத்த வெப்சைட்டும் தேடலுக்கு வெளியே! செலவு பண்ணிச் செய்த டிசைன், நிறம், லோகோ எல்லாம் இருந்தும் ஆள் வராது! உங்கள் வெப்சைட்டில் அந்த டிக் எடுத்தாயிற்றா? செய்து கொடுத்தவரை இன்றே கேளுங்கள்!

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்ய எவ்வளவு கட்டணம்? ஒரு பைசா கிடையாது!

கடைசியாக ஒன்று. கூகுளில் தினமும் வரும் கேள்விகளில் 15 சதவீதம், அதற்கு முன் யாருமே கேட்காதவை! நம்ப முடிகிறதா? ‘சின்னசேலம் பக்கத்துல ராத்திரி பத்து மணிக்கு போர் மோட்டார் ரிப்பேர் பண்ண ஆள் வருவாங்களா’ என்று இதுவரை யாராவது கேட்டிருப்பார்களா? இன்றிரவு நைனார்பாளையத்தில் ஒருவர் கேட்டால், எந்தக் கடையின் பக்கத்தில் அதற்குப் பதில் எழுதியிருக்கிறது?