இடுப்பில் துப்பாக்கி இருந்தால் பயம் போய்விடுமா?

இரவு 11 மணி. மும்பை சயான் கோலிவாடாவில் ஒரு மளிகைக் கடையின் ஷட்டர் கீழே இறங்குகிறது. நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து 1989-ல் மும்பைக்கு வந்து, கூலி வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவர் அந்த அண்ணாச்சி. அன்றைய வசூல் ரூ.40 ஆயிரம். மஞ்சள் பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாராவி 90 அடி சாலையில் உள்ள வீட்டை நோக்கி நடந்தார்.

வழியில் 2 பேர் மறித்தார்கள். ஒருவன் கையில் கத்தி. பை போய்விட்டது. தோள்பட்டையில் 4 தையல்.

காயம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. "ஒரு துப்பாக்கி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டால் என்ன?" என்ற எண்ணம் அண்ணாச்சிக்கு வந்தது.

அதே தெருவில் மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் குடியிருக்கிறார். சங்கரன்கோவில்காரர். இப்போது ஒரு வங்கியின் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியுடன் காவல் நிற்கிறார். அண்ணாச்சி அவரிடம் போய் உட்கார்ந்தார்.

"எந்தத் துப்பாக்கி நல்லது சார்? சின்னதா, சட்டைக்குள்ளே மறையணும். ஒரு குண்டிலேயே ஆள் விழணும்."

ஹவில்தார் சிரித்தார். "அண்ணாச்சி, நீங்க கேட்கிற ரெண்டும் ஒரே துப்பாக்கியிலே கிடைக்காது" என்றார்.

அளவைச் சட்டமே தேர்ந்தெடுத்துவிட்டது

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போகிறவர் எந்த அளவுக் குண்டு வேண்டும் என்று மணிக்கணக்கில் விவாதம் செய்யலாம். இந்தியாவில் அந்த விவாதத்துக்கு இடம் குறைவு.

கைத்துப்பாக்கியின் அளவைக் குழலின் உள் விட்டத்தைக் கொண்டு சொல்கிறார்கள். '.32' என்றால் ஒரு அங்குலத்தை 100 பங்காக்கி, அதில் 32 பங்கு. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்.

ராணுவமும் போலீசும் பயன்படுத்திய 9 மில்லிமீட்டர், .38, .45, .455 ஆகிய அளவுகள் நம் நாட்டில் 'தடை செய்யப்பட்ட' வகை. சாதாரணக் குடிமகனுக்கு அவை கிடைக்காது. மத்திய அரசின் சிறப்பு அனுமதி இருந்தால்தான் உண்டு. அரசுக் கிடங்கில் இருந்து திருடு போகும் தோட்டா வெளியார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பது இந்தத் தடையின் நோக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து வரும் ஏற்பாடு இது.

ஆகவே லைசென்ஸ் பெறும் வியாபாரிக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது .32, அல்லது அதைவிடச் சிறிய .22. இந்தியாவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இடுப்பில் .32 இருப்பதற்கு இதுதான் காரணம்.

மணியாச்சி முதல் லாகூர் வரை

.32 பிஸ்டல் தோட்டா ஒன்றும் புதிய சரக்கு அல்ல. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் 1899-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்காக வகுத்தது அது. சட்டைப் பையில் அடங்கும் பிஸ்டல் உலகம் முழுவதும் பரவியது அதன் பிறகுதான்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால்தான். 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரியைப் பகத்சிங் சுட்டது .32 கோல்ட் பிஸ்டலால்.

1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் கையில் துப்பாக்கி சேராமல் பார்த்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் கட்டாயம் என்பது மட்டும் மாறவில்லை.

ரிவால்வரா, பிஸ்டலா?

அண்ணாச்சியின் அடுத்த கேள்வி இது. ஹவில்தார் விளக்கினார்.

ரிவால்வரில் சுழலும் உருளை உண்டு. 6 தோட்டா போடலாம். விசையை இழுத்தால் உருளை சுற்றும், சுடும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வரும். உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா, இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் உருளையின் புடைப்பு சட்டைக்கு வெளியே தெரியும்.

பிஸ்டல் தட்டையானது. இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். தோட்டா சிக்கிக்கொண்டால் மேல் பாகத்தைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பதற்றத்தில் பழக்கம் இல்லாதவருக்குக் கை ஓடாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கும். "காலி" என்று நினைத்துத் துடைக்கும்போது வெடிப்பது இந்த ஒரு தோட்டாதான்.

"துப்பாக்கியே பிடிக்காத கைக்கு ரிவால்வர்தான் அண்ணாச்சி" என்றார் ஹவில்தார்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம். இரண்டுக்கும் '.32' என்றே பெயர். ஆனால் தோட்டா ஒன்று அல்ல. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு உள்ளது. பிஸ்டல் தோட்டா குட்டையானது. ஒன்றுக்கு உரியதை மற்றதில் போடக் கூடாது.

அரை கிலோவின் விலை ரூ.1¼ லட்சம்

கைத்துப்பாக்கிகளைத் தனியார் வெளிநாட்டில் இருந்து தருவிப்பது 1980-களின் நடுவில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் புதிதாக வாங்குகிறவருக்கு அரசு ஆயுத ஆலைகளின் தயாரிப்புதான். கான்பூரில் .32 ரிவால்வர். வங்காளத்தின் ஈஷாப்பூரில் 'அஷானி' என்ற .32 பிஸ்டல்.

2012-ல் டெல்லி ஓடும் பஸ்சில் மாணவி கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தார். அந்தச் சம்பவத்தை நினைவூட்டும் பெயரில் 2014 ஜனவரியில் கான்பூர் ஆலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. 'அச்சமற்ற' என்று பொருள். பெண்கள் கைப்பைக்கு ஏற்றது என்று சொல்லப்பட்டது. .32 அளவு. டைட்டானியம் கலந்த உலோகம் என்பதால் எடை 500 கிராம்தான். விலை ஏறக்குறைய ரூ.1 லட்சத்து 22 ஆயிரம்! இரவு வேலை முடிந்து தனியாக ரயில் ஏறும் எந்தப் பெண்ணால் இதை வாங்க முடியும் என்று அப்போதே கேள்வி எழுந்தது.

பிறகு ஈஷாப்பூர் ஆலை 'நிடர்' என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை 250 கிராம். 2023 ஆகஸ்டில் கான்பூரில் இருந்து 'பிரபல்' வந்தது. .32 அளவு, 3 அங்குலக் குழல், சுமார் 700 கிராம். உருளை பக்கவாட்டில் திறப்பதால் தோட்டா நிரப்புவது சுலபம்.

"அப்படியானால் 250 கிராம்தானே நல்லது? இடுப்பில் இருப்பதே தெரியாதே!" என்றார் அண்ணாச்சி.

சிறியதில் உள்ள சிக்கல்

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

துப்பாக்கி எவ்வளவு லேசோ, அவ்வளவு உதைக்கும். கைப்பிடி சிறியதானால் விரல் பிடிக்காது. குழல் குட்டையானால் குறி எளிதில் தப்பும். மைதானத்தில் அட்டையைச் சுடும்போதே 10 அடி தூரத்தில் புதியவர் கை ஆடும். இருட்டில், கத்திக்கு எதிரே, நெஞ்சு படபடக்கும்போது என்ன ஆகும்?

குண்டின் பலமும் அளவோடு குறைகிறது. 9 மில்லிமீட்டர் குண்டின் எடை 7½ கிராம் வரும். .32 பிஸ்டல் குண்டு 4½ கிராம் சொச்சம். வேகமும் குறைவு. தாக்கும் சக்தியில் .32 பிஸ்டல், 9 மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். .22 அதற்கும் கீழே. தவிர, .22 தோட்டாவில் மருந்து விளிம்பில் இருப்பதால் வெடிக்காமல் ஏமாற்றுவதும் மற்றதைவிட அதிகம்.

அதற்காக .22 விளையாட்டுச் சாமான் என்று நினைக்கக் கூடாது. அதுவும் உயிரைக் குடிக்கும். ஆனால் பாய்ந்து வருகிறவனை உடனே நிறுத்தும் என்று நம்ப முடியாது. சினிமாவில் ஒரு குண்டுக்கு ஆள் பறந்து விழுவதெல்லாம் கயிறு கட்டி இழுப்பது.

"தாங்குற எடை, விரல் முழுசா பிடிக்கிற கைப்பிடி, பழகின விசை. இந்த மூணும் இருந்தா .32 போதும். இந்த மூணும் இல்லேன்னா பீரங்கி இருந்தும் பிரயோஜனம் இல்லே" என்றார் ஹவில்தார்.

மறைத்து வைப்பதுதான் சட்டம்

துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு மிரட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது குற்றம். 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் தனி அனுமதி இன்றிக் கொண்டுபோகக் கூடாது. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2 ஆண்டு வரை சிறை உண்டு என்று 2019 திருத்தம் சொல்கிறது.

உறை விசையை முழுவதும் மூட வேண்டும். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் துப்பாக்கியைப் போடுவது, தன் தொடையில் தானே சுட்டுக்கொள்ளும் வழி. மாலை 6 மணிக்கு தாதர் ரயில் நிலையத்தில் நெரிசலில் ஏறுகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பர்சை உருவுகிற கை துப்பாக்கியையும் உருவும். காணாமல் போனால் உடனே போலீசில் சொல்லியாக வேண்டும்.

லைசென்ஸ் எப்படி?

21 வயது நிரம்ப வேண்டும். மும்பையில் போலீஸ் கமிஷனரும், மாவட்டங்களில் மாவட்ட மாஜிஸ்திரேட்டும் லைசென்ஸ் தருகிறார்கள். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம். போலீஸ் விசாரணை நடக்கும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றும் தேவை. கேட்டவருக்கெல்லாம் கிடைப்பது இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்சின் ஆயுள் 5 ஆண்டு.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, லைசென்ஸ் செல்லும் எல்லை. அது லைசென்சிலேயே எழுதியிருக்கும். மகாராஷ்டிரத்துக்கு மட்டும் என்று இருந்தால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு நெல்லைக்கு ரயில் ஏறக் கூடாது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

குறுக்கு வழி

இந்தச் சமயத்தில் அண்ணாச்சியிடம் ஒருவன் வந்தான். "லைசென்ஸ் எதற்கு சேட்? வடக்கே இருந்து கட்டா வருகிறது. சில ஆயிரத்தில் முடியும்" என்று இந்தியில் காதோடு சொன்னான்.

'கட்டா' என்பது கள்ளத் துப்பாக்கி. மீர் காசிம் காலத்தில், 1760-களில் ஆயுதப் பட்டறை அமைந்த ஊர் பீகாரின் முங்கேர். இன்று திருட்டுத் துப்பாக்கிக்கும் அந்த ஊரின் பெயர்தான் அடிபடுகிறது. இரும்புக் குழாயையும் வண்டியின் ஸ்டியரிங் தண்டையும் அறுத்துக் குழல் செய்கிறார்கள். எதிரியைச் சுடும் முன் சுடுகிறவன் கையிலேயே வெடித்துவிடும்.

வெடிக்காவிட்டாலும் சிறை நிச்சயம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை தண்டனை. பிழைக்க வந்த ஊரில் ஒரு ஏழைக் குடும்பம் அதோடு முடிந்தது. அண்ணாச்சி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல வேளை.

சுட்ட பிறகு?

லைசென்ஸ் இருந்தாலும் சுடுவதற்கு எல்லை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், பழைய சட்டம் போலவே தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்கிறது. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சும்போது எதிரியின் உயிர் போனாலும் அது குற்றம் ஆகாது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், "என் உயிருக்கு ஆபத்து" என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. குறி தப்பிய குண்டு எதிர் வீட்டுப் பிள்ளைமேல் பட்டால் அதற்கும் சுட்டவரே பொறுப்பு.

மனைவியின் கேள்வி

அண்ணாச்சி படிவத்தை வாங்கி வந்துவிட்டார். .32 ரிவால்வர் என்று முடிவும் செய்துவிட்டார். வீட்டில் மனைவியிடம் காட்டினார்.

அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை எங்கே வைப்பீங்க?"

பத்துக்குப் பதினைந்து அடி அறை. 6 பேர் படுக்கிறார்கள். 4 வயதுப் பேரன் எட்டாத பரண் அந்த வீட்டில் இல்லை. பூட்டி வைத்தால் ஆபத்துக்கு உதவாது. பூட்டாவிட்டால் அதுவே ஆபத்து. அண்ணாச்சியிடம் பதில் இல்லை.

இப்போது கடை 10 மணிக்கே மூடப்படுகிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் 3 பேர் சேர்ந்து நடக்கிறார்கள். வாடிக்கையாளரில் பாதிப் பேர் செல்போனில் பணம் அனுப்புவதால் பையும் இளைத்துவிட்டது. மிச்சத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டிவிடுகிறார். பயம் முழுவதும் போய்விடவில்லை என்று அவரே சொல்கிறார்.

படிவம் கணக்கு நோட்டுக்கு அடியில் கிடக்கிறது. உண்மையான ஆபத்து உள்ளவர் முறைப்படி விண்ணப்பிக்கலாம். அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் எந்தத் துப்பாக்கி, என்ன அளவு என்று கேட்கும் முன், அந்த அம்மாளின் கேள்விக்கு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பதில் தேடிக்கொள்வது நல்லது.